'லீக் இல்ல சார், வேர்வை!' - ஆயில் ஒழுகும் பைக்குடன் புதுப்பேட்டையில் ஒரு காலை

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே நடந்தால், கூவத்தின் வாசனை வருவதற்கு முன்பே புதுப்பேட்டையின் வாசனை வந்துவிடும். பழைய கிரீஸ், பெட்ரோல், துரு, இவற்றுக்கு நடுவே டீக்கடையில் வடை வேகும் எண்ணெய். காலை ஒன்பதரைக்கெல்லாம் ஷட்டர்கள் தூக்கப்படுகின்றன. கார் கதவுகளை அடுக்கி வைத்த கடை, ஹெட்லைட் மட்டும் தொங்கும் கடை, சைலன்சர்களைக் கரும்புக்கட்டு போலச் சாய்த்து வைத்த கடை. நடைபாதை என்று ஒன்று இருந்திருக்கலாம். இப்போது அங்கே இன்ஜின்கள் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த ஏரியாவைப் பற்றி சென்னையில் ஒரு பழைய ஜோக் உண்டு. பைக்கை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் உங்கள் பைக்கை உங்களிடமே பார்ட் பார்ட்டாக விற்றுவிடுவார்களாம். கடைக்காரர்களுக்கும் இந்த ஜோக் தெரியும். சிரிக்க மாட்டார்கள். இந்தச் சந்தையைப் புறநகருக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சும் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஷட்டர்கள் மட்டும் தினமும் திறக்கின்றன.

அன்று காலை அம்பத்தூரிலிருந்து ஓர் இளைஞர் வந்து இறங்கினார். பைக் வாங்கி 14 மாதம்தான் ஆகிறது. நம்பர் பிளேட்கூட இன்னும் பளபளப்பாக இருக்கிறது. தவணை 22 மாதம் பாக்கி. எந்த கம்பெனி என்பது இங்கே வேண்டாம். கியர் லிவருக்குப் பின்னால், இன்ஜினின் இடது பக்க அடியில் ஆயில் கசிகிறது. அதுதான் பிரச்னை.

மூன்று தடவை சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டார். முதல் தடவை ட்ரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றினார்கள். இரண்டாவது தடவை ஆயில் சீல். மூன்றாவது தடவை மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாததால் பெயரை மாற்றிவிட்டார்கள். "இது லீக் இல்ல சார், ஸ்வெட்டிங். வேர்வை மாதிரி. எல்லா வண்டியிலயும் இருக்கும்."

வேர்வை வாசல் டைல்ஸில் கறையாகாது. அம்பத்தூர் வீட்டில் பைக் நிற்கும் இடத்தில் அவருடைய அம்மா அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறார். அட்டையை மீறிப் போன கறைக்காக வீட்டு ஓனரம்மாவிடம் இரண்டு தடவை பேச்சு வாங்கியாயிற்று. "டைல்ஸ் போட்டு ஆறு மாசம்கூட ஆகலப்பா!" இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தூறல் விழுந்த ஒரு மாலையில் பாடி மேம்பால இறக்கத்தில் பின்சக்கரம் ஒரு நொடி வழுக்கிவிட்டது. பின்னால் தங்கை உட்கார்ந்திருந்தாள். விழவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் டயரின் ஓரத்தில் ஆயில் பிசுக்கு.

அன்றிலிருந்து தங்கை பஸ்ஸில் போகிறாள்.

எந்த ஆயில்?

அவர் தேடி வந்த பட்டறை, ஒரு சந்துக்குள் மூன்று பைக் நிறுத்தும் அளவு இடம். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் பாய். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குந்தி உட்கார்ந்து, கசிந்த ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"செயினுக்கு ஸ்பிரே அடிச்சியா தம்பி?"

"ரெண்டு வாரமா அடிக்கல பாய். இதுக்காகத்தான் அடிக்காமலே விட்டேன்."

"அப்ப சரி. செயின் ஆயில்னு தப்பிச்சுக்க முடியாது."

கேள்வி சின்னதுதான், ஆனால் முக்கியமானது. முன்பக்க ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் செயின் ஸ்பிரே, மண், மழைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து கறுப்புக் களியாகிக் கீழே வழியும். அதைப் பார்த்து இன்ஜின் ஒழுகுவதாகப் பயப்படுகிறவர்களும் உண்டு. நிஜமாகவே ஒழுகும்போது, செயின் ஆயில் என்று சொல்லி அனுப்பிவைக்கப்படுகிறவர்களும் உண்டு.

இன்னொரு விஷயம், பைக் ஓட்டுகிற பலருக்கே தெரியாதது. இன்றைய 4 ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கென்று தனி ஆயில் கிடையாது. இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. கியர் பக்கம் ஒழுகினால் பிஸ்டனுக்கும் பட்டினி. மொத்தமே ஒரு லிட்டர் சொச்சம்தான் இருக்கும். அதில் கால் லிட்டர் குறைந்தாலும் சின்ன விஷயமில்லை. பழைய 2 ஸ்ட்ரோக் வண்டிகளில் கதை வேறு. இன்ஜினுக்கான ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்து புகையாகப் போய்விடும், கியர் ஆயில் தனியாக இருக்கும். கியர்லெஸ் ஸ்கூட்டரில் பின்சக்கரத்தின் பக்கத்தில் சின்ன டம்ளர் அளவுக்குத் தனி கியர் ஆயில். அதை மாற்ற வேண்டும் என்பதே பல வீடுகளில் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

பாயின் பட்டறை மூலையில் ஒரு எஸ்டி நிற்கிறது. மைசூரில் தயாரான வண்டி. கிக்கரும் கியர் லிவரும் ஒன்றேதான் அதில். உள்ளே அழுத்தித் திருப்பினால் கிக்கர், விட்டால் கியர். அந்த ஷாஃப்ட் வழியாக கியர் ஆயில் கசிவது அந்தக் காலத்து எஸ்டிக்காரர்களுக்குப் பழகிய விஷயம். பக்கத்திலேயே ஒரு பழைய புல்லட். அதன் அடியில் ஒரு தகர டப்பா.

ஒழுகலின் பரம்பரை

புல்லட்டைச் சொல்லாமல் சென்னையில் ஆயில் ஒழுகலைப் பேச முடியாது. 1950-களில் இந்திய ராணுவத்துக்கும் போலீஸுக்கும் 350 சிசி புல்லட் 800 வண்டிகளுக்கு ஆர்டர் போனது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்து தொழிற்சாலை மூடிய பிறகும் அதே டிசைன் இங்கே பல பத்து வருஷங்கள் ஓடியது.

அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் ஆயிலுக்கு மூன்று வீடுகள். இன்ஜின் ஒன்று, கிளட்ச் இருக்கும் பிரைமரி கேஸ் ஒன்று, கியர்பாக்ஸ் ஒன்று. மூன்று வீடு என்றால் ஒழுகுவதற்கும் மூன்று கூரை. பிரைமரி கேஸின் மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் லூசானால் கசியும், ரொம்ப இறுக்கினால் மூடி வளைந்து அப்போதும் கசியும். கியர்பாக்ஸில் ஆயிலோடு கிரீஸும் கலந்துதான் போடுவார்கள். வெறும் ஆயிலை அது வைத்துக்கொள்ளாது. 'புல்லட்டில் ஆயில் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம்' என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை அதை ஓட்டியது. 2008 வாக்கில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் புது இன்ஜின் வந்த பிறகு அந்தப் பேச்சு குறைந்தது.

அந்தச் சகிப்புத்தன்மை அந்தக் காலத்து வண்டிக்குச் சரி. ஒழுகும் என்று தெரிந்தேதான் வாங்கினார்கள், ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு உட்கார்ந்து அவர்களே கழற்றிப் பூட்டினார்கள். தவணையில் வாங்கிய 14 மாத வண்டிக்கு அதே சகிப்புத்தன்மையைக் கேட்பது என்ன நியாயம்?

பவுடர் வைத்தியம்

பாய் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றினார். பிரஷ்ஷில் பெட்ரோல் தொட்டு அந்த இடம் முழுக்கக் கழுவினார். பனியன் வேஸ்ட்டால் துடைத்து, கம்ப்ரசர் காற்று அடித்துக் காயவிட்டார். பிறகு அலமாரியிலிருந்து எடுத்தது எந்தக் கருவியும் இல்லை. முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர் டப்பா! இன்ஜினின் இடது பக்கம் முழுக்கக் குழந்தைக்குப் போடுவதுபோல உதறிவிட்டார். ஊதினால் பறக்காத அளவுக்கு ஒரு வெள்ளைப் படலம்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வா. மெதுவா போ, நல்லா சூடாகட்டும்."

இளைஞர் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகத்தைத் தாண்டி ஒரு சுற்று சுற்றிவிட்டு இருபது நிமிடத்தில் திரும்பினார். பாய் டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் ஆயில் சீல் ஓரத்தில் பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. கியர் லிவர் ஷாஃப்ட், நியூட்ரல் சுவிட்ச், கேஸ்கெட் சேரும் கோடு எல்லாம் வெள்ளை. சீலுக்கு இரண்டு விரல் கீழே, எந்த இணைப்பும் இல்லாத வெறும் அலுமினியத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஈரம்.

துடைத்துவிட்டு மறுபடியும் பவுடர், மறுபடியும் ஒரு சுற்று. அதே இடம், அதே புளியங்கொட்டை.

"இட்லியைப் பிச்சா உள்ள பொடிப்பொடியா ஓட்டை இருக்குமில்ல? அலுமினியத்தை உருக்கி ஊத்தும்போது காத்து மாட்டிக்கிட்டா இதுலயும் அப்படித்தான். வண்டி ஆறி இருக்கறப்போ தெரியாது. சூடாகி ஆயில் தண்ணியானா வழி கண்டுபிடிச்சு வந்துடும். நீ நூறு சீல் மாத்தினாலும் நிக்காது."

வார்ப்பில் நுண்துளை விழுவது தொழிற்சாலைகளுக்குப் புதிதில்லை. கேஸுக்குள் காற்றழுத்தம் செலுத்திச் சோதிப்பதும், துளைகளில் பிசின் ஏற்றி அடைப்பதும் அதற்காகவே இருக்கும் முறைகள். அதையும் தப்பி ஒன்றிரண்டு வெளியே வந்துவிடும். வருவது குற்றம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். வந்ததை வேர்வை என்று சொல்வதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

"நீங்களே சரி பண்ண முடியாதா பாய்?"

வழி இல்லாமல் இல்லை. வெளியே மெட்டல் பேஸ்ட் அப்பலாம், சில மாதம் தாங்கலாம். இன்ஜினை மொத்தமாகப் பிரித்து ஆர்கான் வெல்டிங் வைக்கலாம். நான்கு கடை தள்ளி அதே மாடலின் பழைய இன்ஜின் கேஸே கிடைக்கும். அதில்தான் சிக்கல். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின் நம்பர் பொறித்திருப்பது அந்தக் கேஸின் மேல்தான். வேறு கேஸைப் பூட்டினால் ஆர்.சி புத்தகத்தில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர். அந்தப் பழைய கேஸ் விபத்தில் நசுங்கிய வண்டியுடையதா, திருட்டு வண்டியுடையதா என்று யாருக்குத் தெரியும்? ஆர்.டி.ஓ அலுவலகத்தில் முறையாகப் பதியாமல் இன்ஜின் மாற்றினால், வண்டியை விற்கும்போதும், இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பாய் பவுடர் டப்பாவை மூடி வைத்தார். "வாரன்டி இருக்கா?"

"ரெண்டு வருஷம் பாய். இன்னும் பத்து மாசம் இருக்கு."

"அப்ப நான் தொட மாட்டேன். நான் கைவெச்சா கம்பெனிக்காரன் தப்பிச்சிடுவான். வெளியில பிரிச்சிட்டீங்க சார்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவான். போன்ல வீடியோ எடு. நான் பவுடர் போடறதுல இருந்து எடு."

அப்படியே மூன்றாவது முறையாகப் பவுடர், மூன்றாவது சுற்று. இந்த முறை செல்போன் கேமரா முன்னால். பாய் வாங்கிக்கொண்டது நூறு ரூபாய். பெட்ரோலுக்கும் பவுடருக்குமாம்.

ஜாப் கார்டு

இப்படி ஒரு வண்டியோடு மாட்டிக்கொண்டவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய கடை எங்கே இருந்தாலும், தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ஒரே குறை பல வண்டிகளில் வந்தால், கம்பெனியைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கான அந்த விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அப்படி உத்தரவு வந்தால் கம்பெனிக்கு 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரு துண்டுக் காகிதம். இந்த இளைஞரின் மூன்று ஜாப் கார்டுகளையும் விரித்துப் பார்த்தால், ஒன்றில்கூட 'ஆயில் லீக்' என்று எழுதவில்லை. முதல் இரண்டிலும் 'ஜெனரல் செக்கப்', மூன்றாவதில் 'வாட்டர் வாஷ்'. காகிதத்தைப் பொறுத்தவரை அந்த வண்டி ஒரு தடவைகூட ஒழுகவில்லை.

மதியம் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனார். ஏ.சி ரூமில் வீடியோவைப் பார்த்த அட்வைசர், தன் போனிலும் அனுப்பச் சொல்லி இரண்டாம் முறை பார்த்தார். பிறகு ஜாப் கார்டில் 'ஆயில் ஸ்வெட்டிங்' என்று டைப் செய்தார்.

"சார், லீக்னு போடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"அப்ப லீக்னே போடுங்க சார்."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பத்து நிமிடம் கழித்து பிரின்டரிலிருந்து வந்த காகிதத்தில் 'ஆயில் லீக், இடது இன்ஜின் கேஸ், சீலுக்குக் கீழே, 4-வது புகார்' என்று இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

கம்பெனி இன்ஜினீயர் வியாழக்கிழமை வந்து பார்ப்பார் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை வண்டி அங்கேயே நிற்கிறது. இவர் பஸ்ஸில் வீடு திரும்பியபோது வாசலில் அட்டை அப்படியே கிடந்தது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு அம்மா சொன்னார், "இருக்கட்டும்பா, வியாழக்கிழமை என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."