யார் கேட்டு மாறின இந்தப் பெயர்கள்?

2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் ஓர் அறிவிப்பு செய்தார். 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்றார். அடுத்த சில நாட்களில் என் காதில் விழுந்த பேச்செல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். "எதைச் சொன்னாலும் குத்தம்ங்கிறாங்க. அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஃபேஷன், இப்ப இங்கேயும் வந்துடுச்சு." சொன்னவர்கள் யாரையும் மனம் நோகப் பேசாத நல்ல மனிதர்கள். அதனாலேயே அந்தப் பேச்சு என்னை உறுத்தியது. 'இப்படிப் பேசாதே, வேறு பெயர் சொல்' என்ற கோரிக்கை உண்மையில் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாரையும் இழிவுபடுத்தாத சொல்லைத் தேர்ந்து பேசும் 'பொலிட்டிகல் கரெக்ட்னஸ்' அங்கே நெடுநாள் இடதுசாரிகளின் உள்வட்டப் பேச்சாக இருந்தது. 1970இல் டோனி கேட் பம்பாரா தொகுத்த 'தி பிளாக் வுமன்' நூலில் அந்தத் தொடர் வருகிறது. 1991 மே மாதம் மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அதிபர் ஜார்ஜ் புஷ் அதைப் பேச்சுரிமைக்கு வந்த ஆபத்தாகச் சித்தரித்தார். நம் ஊர்க் கதையோ அதற்குச் சரியாக நூறு ஆண்டுகள் முந்தியது.

1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அயோத்திதாசப் பண்டிதர் தம் மக்களிடம், 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். பறையர் என்பது பகைவர்கள் சுமத்திய இழிபெயர் என்பது அவருடைய வாதம். பிற்காலத்தில் 'தமிழன்' இதழிலும் அதையே விடாமல் எழுதினார். அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் நேரெதிர்த் திசையில் போனார். 1893இல் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். பெயரை ஒளித்துக்கொண்டு வாழ்கிறவன் உரிமை கேட்க முன்வர மாட்டான், அந்தப் பெயரோடேயே தலைநிமிர வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரே குடும்பத்துக்குள் இரண்டு முடிவுகள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் இருவருமே ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை: பெயரைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்கள் அதைச் சுமக்கிறவர்கள்தான்.

1922இல் இந்தக் கோரிக்கை சென்னைச் சட்டசபைக்கு வந்தது. கொண்டுவந்தவர் எம்.சி.ராஜா. அரசு ஆவணங்களில் 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களை நீக்கிவிட்டு, தமிழ்ப் பகுதிகளில் 'ஆதிதிராவிடர்' என்றும் தெலுங்குப் பகுதிகளில் 'ஆதிஆந்திரர்' என்றும் எழுத வேண்டும் என்றது அவருடைய தீர்மானம். அரசு அதை ஏற்றுக்கொண்டு ஆணையிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1924இல், இரட்டைமலை சீனிவாசன் அதே அவையில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலைகளிலும் பொதுக்கிணறுகளிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்றது. பெயரும் பாதையும் தண்ணீரும் அன்றைக்கு ஒரே கோரிக்கையின் பகுதிகளாக இருந்ததை இங்கே கவனிக்க வேண்டும். இன்று நாம் பெயரை மட்டும் தனியே பிரித்தெடுத்து, 'வெறும் சொல்தானே' என்கிறோம்.

கேட்டு வாங்காமல் மேலிருந்து கொடுக்கப்பட்ட பெயருக்கு என்ன ஆகும் என்பதற்கு 'ஹரிஜன்' சாட்சி. 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு காந்தி அந்தப் பெயரைப் பரப்பினார். 1933 பிப்ரவரியில் அதே பெயரில் வார இதழும் தொடங்கினார். அவர் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 1938இல் பம்பாய்ச் சட்டசபையில் ஒரு மசோதா அந்தச் சொல்லைச் சட்டமொழியாக்க முயன்றபோது, அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். நாங்கள் கடவுளின் மக்கள் என்றால் மற்றவர்கள் யாருடைய மக்கள் என்பது அவர்கள் தரப்புக் கேள்வி. கடைசியில் அதுவும் வசையாகவே கேட்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் ஆங்கிலத் தலைப்பில் 'ஹரிஜன்' என்ற சொல்தான் இருக்கிறது.

இனி இடப்பெயருக்கு வருகிறேன். 'காலனி'க்கு முன்னால் 'சேரி'. பழந்தமிழில் சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு, அவ்வளவுதான். சோழர் காலத்துப் பிராமண ஊர்களில் அவர்களுடைய வட்டங்களுக்கே சேரி என்றுதான் பெயர். அதே காலத்தில், முதலாம் ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர் நிலங்களில் வரி நீக்கிய இடங்களைச் சொல்லும்போது, பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி என்று வரிசையாக வருகிறது. அந்த வரிசையில் தீண்டாச்சேரியும் இருக்கிறது. அச்சில் அதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குடியிருப்பின் பெயரில் தீண்டாமை ஏறி உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கு சேரி என்றால் பிராமண வட்டம் யாருக்கும் நினைவுக்கு வராது.

இருபதாம் நூற்றாண்டில் அரசு வீட்டுமனை கொடுத்தது, பிறகு தொகுப்பு வீடுகள் கட்டிக் கொடுத்தது. ஊருக்குள் இடம் கிடைக்காததால் பெரும்பாலும் ஊருக்கு வெளியே. அந்த இடத்துக்குச் சேரி என்ற பெயர் வேண்டாமென்று 'காலனி' வந்தது. நல்ல பெயர்தான். ரோமானியர்கள் ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியமர்த்திய ஊர்களுக்கு இட்ட பெயர் அது. ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றும் அதைத் தாங்கி நிற்கிறது. சென்னையில் சி.ஐ.டி. காலனி என்று முகவரி எழுத யாரும் கூசுவதில்லை. டீச்சர்ஸ் காலனி, பேங்க் காலனி, ரயில்வே காலனி எல்லாம் மரியாதையான இடங்கள். கிராமத்துக்குப் போனால் அதே சொல்லின் நிறம் மாறிவிடுகிறது.

இந்தத் தேடலின்போது கடலூர் பக்கம் ஒரு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஒரே கிராமத்துக்கு இரண்டு நிறுத்தம், ஊர் ஸ்டாப், காலனி ஸ்டாப். நடுவில் ஒரு வாய்க்காலும் கொஞ்சம் வயலும். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி ஊர் ஸ்டாப்பில் இறங்கத் தயாரானாள். காலனியில்தான் வீடு என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தாள். ஏம்மா இங்கேயே இறங்குறே என்றேன். "காலனி யாருன்னு கண்டக்டர் சத்தமா கேப்பாரு சார். பஸ்ஸே திரும்பிப் பாக்கும். என் கிளாஸ் பசங்க பின்னாடி நிக்கிறாங்க." பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். சொல்லைத் திருத்துவதை நகரத்துக்காரர்களின் நாசூக்கு என்பவர்கள் அந்தப் பெண்ணிடம் ஒரு முறை பேச வேண்டும்.

சொல் மாறினால் போதுமா என்று கேட்பவர்களும் ஓர் உண்மையைத்தான் தொடுகிறார்கள். சேரி மாறி காலனி வந்தது, காலனி மாறி நகர் வரும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே குடியிருப்பு இருந்தால் 'நகர்' என்ற சொல்லும் கெடும். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடர்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அண்டை வீட்டையே மாற்றிப் பார்த்த முயற்சி அது. அந்தத் திட்டத்துக்குக் குறைகள் உண்டு, ஆனால் பெயரையும் இடத்தையும் சேர்த்துத் தொட்டது. இதற்காகப் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். இடம் மாறும்வரை அந்த மாணவி ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்க வேண்டுமா?

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு குடியிருப்பு இருக்கும். அங்கே இருப்பவர்கள் தங்கள் தெருவை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள், இனி அதையே சொல்லுங்கள். கேட்கப் போகும்போது, அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டியா, ஒரே சுடுகாடா என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.