காலி

பசுமலைக்கு அச்சு புதுசில்லை. அமெரிக்கன் மிஷனின் லெனாக்ஸ் அச்சகம் இருந்த ஊர். நான் வேலைக்குப் போனது அங்கே இல்லை. 1982இல், ரோட்டோரமா இருந்த ஒரு சின்ன டிரெடில் பிரஸ். பேர் வேண்டாம்.

“எந்தப் பக்கம் தம்பி?” என்றார் முதலாளி. தெருவைச் சொன்னேன். மேற்கொண்டு கேட்கவில்லை. கூட்டணும், மை எடுத்துக் குடுக்கணும், டீ வாங்கியாரணும். கேஸ் பக்கம் மட்டும் போகக் கூடாது. கேஸ் என்றால் எழுத்துப் பெட்டி. எழுத்துக்கு ஒரு அறை.

பத்தாம் நாள் ஃபோர்மேன், “டேய், அந்தக் காலியைக் கொண்டா” என்றார். பார்த்தேன். மேசையில ஒரு தட்டு. அதுல கோர்த்த எழுத்து நெறைய இருந்துச்சு. நமக்குத் தெரிஞ்ச காலி ஒண்ணுதானே? தட்டைக் காலி பண்ணித்தான் கேக்கிறார்னு நினைச்சு, அம்புட்டையும் தகர டப்பாவுல கவுத்திட்டு வெறுந்தட்டை நீட்டினேன்.

காலி என்பது அந்தத் தட்டுக்கே பேராம். ஸ்டிக்குல வரி வரியாக் கோர்த்ததை அதுல இறக்கி, ஒரு தாள் எடுத்துப் பார்ப்பார்கள். அதுதான் காலி புரூஃப். இதையெல்லாம் எனக்கு யார் சொன்னா? நான் கவிழ்த்தது ஒரு பெரிய வீட்டுக் கல்யாணப் பத்திரிகை.

முதலாளி சாதியைச் சொல்லி ஒரு வார்த்தை வைதார். அதை இங்கே அச்சிலேற்றப் போவதில்லை. “எல்லாத்தையும் பொறுக்கி அதது அறையில போட்டுட்டு வீட்டுக்குப் போ” என்றார்.

மூணு ராத்திரி ஆச்சு. ஃபோர்மேன் கூட உட்கார்ந்தார். ஈய எழுத்து இடவலம் மாறி இருக்கும். அதைத் தலைகீழாப் பிடிச்சு இடமிருந்து வலமா வாசிக்கணும். உடம்புல ஒரு வெட்டு இருக்கும், அதுக்குப் பேர் நிக். எல்லா நிக்கும் ஒரே பக்கம் நின்னா எழுத்து நேரா இருக்குன்னு அர்த்தம். 72 பாயிண்ட் ஒரு அங்குலம். பக்கங்களை இரும்புச் சட்டத்துல முடுக்கினா அது பாரம். இங்கிலீஷ் பெரிய எழுத்து மேல் பெட்டியிலயும் சின்னது கீழ்ப் பெட்டியிலயும் இருந்ததால அப்பர் கேஸ், லோயர் கேஸ். “தமிழ்ல அது இல்லடா” என்றார். நல்லவேளை, எழுத்துலயாவது இல்லை.

‘லை’ மட்டும் குழப்பியது. துதிக்கை வச்ச பழைய லை ஒரே ஈயத்துண்டு. 1978இல் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்தின பிறகு ‘ை’ ஒண்ணு, ‘ல’ ஒண்ணு. எங்க கேஸ்ல ரெண்டும் கிடந்தன.

மூணாம் ராத்திரி முடிகிறபோது கண்ணை மூடிக்கொண்டே அறை எதுன்னு கை போனது. வைதவர் கொடுத்த தண்டனைதான் எனக்குப் பள்ளிக்கூடம். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ நடத்தினார், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். தெரிந்திருந்தால் அந்த டப்பா முன்னாடி அப்படிக் கூனி உட்கார்ந்திருப்பேனா?

அப்புறம் ஆள் இல்லாத நாட்களில் ஸ்டிக் என் கைக்கு வந்தது. மெல்ல அது நிரந்தரமாச்சு. 1991 ஏப்ரலில் எங்க தெருப் பையன்கள் அம்பேத்கர் நூற்றாண்டுக்கு நோட்டீஸ் கொண்டு வந்தார்கள். நானே கோர்த்தேன். ‘பசுமலை’க்குப் பழைய லைதான் போட்டேன். காலி புரூஃப் எடுத்துப் பார்த்தால் ‘அம்பேத்கர்’ல ‘க’ தலைகீழா நின்றது. இடுக்கியால் பிடுங்கி, நிக் பார்த்து, நேராக நிறுத்தினேன்.