பெயரில் உறையும் சகர்

பெயரைக் கேட்டவுடன் ஊரையும் குலத்தையும் கணித்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. குள்ளஞ்சாவடியிலிருந்து நெய்வேலி செல்லும் பேருந்திலேயே இக்கணிப்பைப் பலமுறை காணலாம். நிலக்கரி நகரியம் பல மாநிலத்தாரையும் குடியமர்த்திய இடமன்றோ! பெயர் அத்துணை உறுதியான சான்றுதானா என்னும் ஐயத்தை நம்முள் எழுப்பியவை மேற்கிந்தியப் பிராகிருதக் கல்வெட்டுகளே.

கி.பி. முதலிரு நூற்றாண்டுகளில் குசராத்து, மாளவப் பகுதிகளை ஆண்ட மேலைச் சத்திரபர்கள் சகர். கிரேக்கர் சித்தியர் என்று குறித்த மக்களின் இனத்தார். சஷ்டனன் என்னும் சத்திரபனின் நாணயங்கள் அவன் தந்தையை ‘ய்ஸாமோதிக’ என்கின்றன. ‘ய்ஸ’ என்னும் இக்கூட்டெழுத்து இந்தியச் சொற்களுக்குரியதன்று. ஸகரத்தை அதிர்வுடன் ஒலிக்கும் ஓசையொன்று சகமொழியில் இருந்தது. பிராமியில் அதற்கு எழுத்தில்லை. ஆகவே யகரத்தையும் ஸகரத்தையும் பிணைத்து எழுதினர். பிற்காலத்துக் கோத்தான் சகமொழி ஏடுகளிலும் இம்முறையே உள்ளது. அம்மொழியில் ‘ய்ஸம’ என்பது நிலத்தைக் குறிக்கும்.

தொல்காப்பியர் காட்டிய நெறி வேறு. வடசொல் வருங்கால் வடவெழுத்தை நீக்குக என்றார், லட்சுமணன் இலக்குவனானான். அங்கே பெயருக்காக எழுத்து வளைந்தது. இங்கே எழுத்துக்காகப் பெயர் வளைந்தது.

சஷ்டனனின் மகன் ஜயதாமன், பேரன் ருத்ரதாமன். ஏறத்தாழ கி.பி. 150இல் ஜுனாகட் பாறையில் செம்மையான வடமொழியில் நீண்ட கல்வெட்டைப் பொறித்தவன் இப்பேரனே. ய்ஸாமோதிகனின் கொள்ளுப்பேரனுக்கு உருத்திரனின் பெயர்!

மற்றொரு சத்திரபனான நகபானனின் மருமகன் உஷவதாதன். ரிஷபதத்தன் என்பதன் பிராகிருத வடிவம் அது. அவன் மனைவி தட்சமித்திரை. இப்பெயர்களை மட்டும் கண்டால் இவர்களை அயலார் என எவர் சொல்வார்? ஆயினும் நாசிக் குகைக் கல்வெட்டொன்று அவனைத் தீனிகனின் மகன், சகன் என்றே குறிக்கிறது. பெயர் மாறிற்று, பிறப்பை அவன் மறைக்கவில்லை.

வகுப்பில் வருகைப் பதிவேட்டை விரிக்கையில் இக்குகை நம் நினைவுக்கு வருவதுண்டு. ஷகரத்தில் முடியும் பெயருடைய மாணவன் தமிழை மறந்தவனும் அல்லன்; வடபுலப் பெயருடைய தொழிலாளியின் மகள் தமிழுக்கு அயலாளும் அல்லள். பெயர், பெற்றோர் ஒரு காலத்தில் கொண்ட விருப்பத்தைச் சொல்லும், அதற்குமேல் சொல்லாது. எஞ்சியதை அம்மாணவரிடமே கேட்டறிதல்தான் ஆசிரியர்க்கு அழகு.

சகப் பெயர்கள் வழக்கொழிந்தன. ‘சக’ என்னும் சொல்லோ, 1957 முதல் இந்திய அரசின் தேசிய நாட்காட்டியில் ஆண்டுப் பெயராய் வாழ்கிறது. அயலென்று எதனைத் தள்ளுவது, நண்பர்களே?