வினைமுதல் எங்கே?

செயப்பாட்டுவினையைக் கற்பிக்கும்போது மாணவரிடம் ஒரு கேள்வியை நான் தவறாமல் கேட்பதுண்டு: இவ்வினையைச் செய்தவர் யார்? ‘மரம் வெட்டப்பட்டது’ என்னும்போது வெட்டியவன் மறைந்துகொள்கிறான். வகுப்பறையில் இது சிறு பயிற்சி. ஆனால், ஓர் அரசு அதே வாக்கிய அமைப்பை உலோகப் பலகையில் பொறித்து ஊரிலே நாட்டும்போது, அது வெறும் இலக்கணமாக நின்றுவிடுவதில்லை. அத்தகைய பலகையொன்றின் நிழற்படத்தைக் கண்ட நாள்முதலாக அதன் வாசகம் என் மனத்தை உறுத்திக்கொண்டேயிருக்கிறது.

ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலே கோல்பக்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. 1950ஆம் ஆண்டளவில் மாநில அரசு அங்கு நிறுவிய வரலாற்றுப் பலகை கூறியது இவ்வளவே: இவ்விடத்தில் கோல்பக்ஸ் கலகம் நிகழ்ந்தது, அதில் மூன்று வெள்ளையரும் 150 கறுப்பரும் கொல்லப்பட்டனர், 1873 ஏப்ரல் 13இல் நடந்த இந்நிகழ்ச்சி, வடபுலத்திலிருந்து வந்த பிழைப்பரசியல்வாதிகளின் சீர்கெட்ட ஆட்சிக்குத் தெற்கிலே முடிவுகட்டியது.

கலகம் ‘நிகழ்ந்தது’, மக்கள் ‘கொல்லப்பட்டனர்’. ஏதோ மழை பெய்து ஓய்ந்ததுபோல! கொன்றவர் யார்?

1872ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னர் இரு கட்சியினரும் ஆட்சிக்கு உரிமை கோரினர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த கறுப்பின மக்கள், தம் வாக்குக்குக் காவலாகக் கோல்பக்ஸ் நீதிமன்றக் கட்டடத்தில் திரண்டு நின்றனர். உயிர்த்த ஞாயிறன்று ஆயுதந்தாங்கிய வெள்ளையர் கூட்டமொன்று பீரங்கியுடன் வந்து அவர்களைத் தாக்கியது, கட்டடத்துக்குத் தீ வைத்தது, சரணடைந்தோரைச் சுட்டது, கைதிகளாகப் பிடித்தோரையும் அன்றிரவே கொன்றது. மாண்டோர் தொகையை 60 முதல் 150 வரை எனப் பலவாறாக மதிப்பிடுவர்.

‘சீர்கெட்ட ஆட்சி’ என்று பலகை இகழ்ந்தது எதனை? அவ்வாட்சியில் ஊழல் இல்லாமலில்லை. ஆயினும், 1868இல் லூசியானா இயற்றிய அரசியலமைப்பு, இனப்பிரிவினையற்ற பொதுப் பாடசாலைகளை விதித்தது. கறுப்பினத்தவர் வாக்களித்தனர், பதவிகளும் வகித்தனர். நேற்றுவரை மனிதரை விலைக்கு வாங்கிய நிலவுடைமையாளருக்கு இதைவிடப் பெருங்கேடு வேறேது?

நீதிமன்றமும் வினைமுதலைக் கைவிட்டது. 97 பேர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டோர் மூவரே. அத்தீர்ப்பையும் 1876இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் மாநில அரசுகளையே கட்டுப்படுத்தும், தனிமனிதர் இழைக்கும் கொடுமைகளை அன்று என்பது அதன் வாதங்களுள் ஒன்று.

இங்கே கவனிக்கத்தக்க முரணொன்று உண்டு. 1921இல் அவ்வூர்ச் சேமக்காலையில் எழுப்பப்பட்ட நினைவுத்தூண், இறந்த மூன்று வெள்ளையரும் வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு வீழ்ந்தனர் என்று பெருமையோடு சாற்றியது. அதில் வெட்கம் இல்லை; நோக்கத்தை மறைக்கும் எண்ணமும் இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் வந்த அரசுப் பலகையோ அந்நோக்கத்தையும் துடைத்துவிட்டு, நடுநிலையான வரலாறுபோல் பேசியது. வெறியனின் கூச்சலை எவரும் இனங்கண்டுகொள்வர். அரச முத்திரையோடு அமைதியாக வரும் பொய்யையே பிள்ளைகள் பாடமாகக் கற்கின்றனர்.

எழுபது ஆண்டுகள் நின்ற அப்பலகை 2021 மே மாதத்தில் அகற்றப்பட்டது. படுகொலையின் 150ஆவது ஆண்டு நிறைவான 2023 ஏப்ரல் 13இல், மாண்டவருள் அறியப்பட்டோரின் பெயர்கள் பொறித்த கருங்கல் நினைவுச்சின்னம் அங்கு திறந்துவைக்கப்பட்டது. கொல்லப்பட்டவரின் வழித்தோன்றலும் கொன்றவரின் வழித்தோன்றலும் அதற்காக ஒருங்கே உழைத்தனர் என்பது நம்பிக்கை தருவது. ‘கலகம்’ என்ற சொல் நீங்கி, ‘படுகொலை’ என்ற சொல் இடம்பெற்றது.

ஒரு சொல் திருந்தியதால் மாண்டவர் மீளார். தண்டனைக்குத் தப்பியவர் கூண்டில் ஏறப்போவதுமில்லை. எனினும் கலகம் என்ற சொல் குற்றத்தை இரு தரப்புக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. படுகொலை என்ற சொல்லோ, கொன்றவர் யாரென்று வாசிப்பவரைக் கேட்கத் தூண்டுகிறது. அக்கேள்வி எழாதிருக்கவே அப்பலகை எழுபது ஆண்டுகள் காவல் நின்றது.