இட்லி மாவும் பேத்தியின் ஆராய்ச்சியும்

சென்ற மாதம் பேத்தி விடுமுறைக்கு ரெட்டியார்பாளையம் வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் திருப்பதி போய்வந்து லட்டு கொடுத்தார். 2021இல் திருமலையில் லட்டு போட்டுத்தர டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய மக்கும் பைகள் வந்தன அல்லவா, அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது.

"என் ஆராய்ச்சியும் அந்த மாதிரிதான் தாத்தா. மக்கும் பிளாஸ்டிக்கை உருக்கி, கார்பன் கலந்தா எப்படி ஓடுதுன்னு பாக்குறேன்" என்றாள்.

"ஓடுறதுல என்னம்மா ஆராய்ச்சி?"

பொறுமையாகச் சொன்னாள். அவள் எடுத்துக்கொண்டது பாலிலாக்டிக் ஆசிட். சோள மாவுச்சத்தைப் புளிக்கவைத்து எடுக்கும் லாக்டிக் அமிலத்தில் செய்வது. நம் தயிரில் இருக்கும் அதே அமிலம். சுமார் 170 டிகிரியில் உருகும். நன்றாக உலர்த்தாமல் உருக்கினால், ஈரம் அதன் சங்கிலிகளை அறுத்து நீர்க்க வைத்துவிடும். கொல்லையில் போட்டால் லேசில் மக்காது. 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் உரக்கூடம் வேண்டும்.

அதற்குப் பலம் கூட்டக் கலப்பது கார்பன் நுண்குழாய். 1991இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ ஈஜிமா எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியது. 100 கிராமில் இரண்டு மூன்று கிராம் கலந்தாலே, உருகிய பிளாஸ்டிக் ஓட மறுக்கிறதாம். ஆனால் இயந்திரத்தில் அழுத்தித் தள்ளினால் ஓடுகிறதாம்.

அவள் ஆங்கிலத்தில் 'விஸ்காசிட்டி' என்றாள். லிசேயில் படித்த எனக்கு அது 'விஸ்கோசித்தே'. சொல் தெரிந்தது, விஷயம் பிடிபடவில்லை.

சமையலறையிலிருந்து என் மகள் மாவுப் பாத்திரத்தோடு வந்தாள்.

"பாருங்கப்பா. பொங்கின மாவு, சாய்ச்சாலும் சட்டுனு நகராது. கரண்டியால கலக்கினா இளகிடும். அந்தக் குழாயெல்லாம் சும்மா இருக்கறப்ப ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். தள்ளினா ஓடுற பக்கமா திரும்பி வழிவிடும். சரியாடி?"

"அதேதாம்மா! ரொம்பச் சேத்துட்டா அச்சோட மூலைக்குப் போய்ச் சேராது. அந்த அளவைத்தான் தேடிட்டிருக்கேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மார்க் வாங்கியவள் என் மகள். சென்னைக்குப் போய்ப் படிக்கிறேன் என்றாள். பெண்பிள்ளையை வெளியூர் அனுப்பப் பயந்து, இங்கேயே பி.காம். சேர்த்துவிட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தன் மகள் அடம்பிடித்தபோது மட்டும், என்னைக் கேட்காமலே அனுப்பிவைத்தாள்.

அன்று இரவு சாப்பிடும்போது சொன்னேன்: "உன்னையும் அனுப்பியிருக்கணும்மா. தப்பு பண்ணிட்டேன்."

கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு தட்டில் இன்னொரு தோசை விழுந்தது.

"ஆறிடப்போவுது, சாப்பிடுங்கப்பா" என்றாள்.

முப்பது வருடம் கழித்துச் சொன்னேன். நண்பர்களே, உங்களுக்கும் இப்படிச் சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால், தள்ளிப்போடாதீர்கள்.