தொண்டை கட்டினால் காசு கட்!

ஓபரா பாடகர் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கோட்டு சூட்டு, சரவிளக்கு, பால்கனியில் பைனாகுலரோடு ஒரு சீமாட்டி... எனக்கும் அப்படித்தான். ஆனால் பி.காம் படித்தவன் புத்தி எங்கே போகும்? 'ஒரு ராத்திரிக்கு எவ்வளவு, எப்படிக் கொடுக்கிறார்கள்?' என்று விசாரிக்க ஆரம்பித்தேன். கடைசியில் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது போடிநாயக்கனூரில்!

ஷான் பணிக்கர் என்று ஒருவர். இலங்கையிலிருந்து அமெரிக்கா போன குடும்பத்துப் பிள்ளை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முறையாகப் பாட்டுப் படித்தார். 2008-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் முதல் மேடை. 2018-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழாவில் கிரேக்கக் கடவுள் டயோனிசஸ் வேஷம். அதே வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில்... காந்தி! பிலிப் கிளாஸின் 'சத்யாகிரகா'. தென்னாப்பிரிக்கா காலத்துக் காந்தியின் கதை. ஆனால் பாட்டெல்லாம் பகவத் கீதையின் சமஸ்கிருதம். வெள்ளைக்காரர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கிறார்கள், சார்.

ஓபராவில் மைக் கிடையாது. மெட்ரோபாலிடன் அரங்கில் மட்டும் சுமார் 3,800 இருக்கைகள். நடுவில் அத்தனை வயலினும் டிரம்பெட்டும். எப்படிக் கேட்கும்? கத்தினால் நடக்காது. ஆர்கெஸ்ட்ராவின் பலமெல்லாம் 500 ஹெர்ட்ஸ் பக்கம். பழக்கப்பட்ட ஆண்குரல் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்மையை வரவழைத்துக்கொள்கிறது. அங்கே வாத்தியக் கூட்டம் கம்மி. இரைச்சலான பஸ் ஸ்டாண்டில் முறுக்கு விற்பவர் குரல் மட்டும் தனியாக வந்து காதில் விழுமே, அந்த மாதிரி. நம்ம கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் மைக் வராத காலத்து நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையைத் தொட்டவர்கள்தானே!

சரி, கணக்குக்கு வருவோம். ஜெர்மனியில் அரங்கோடு சேர்ந்த பாடகர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர்களுக்கு? மேடை ஏறிய ராத்திரிக்குத்தான் காசு. பல இடங்களில் வாரக்கணக்கான ஒத்திகைக்குத் தனியாகக் கிடையாது. தங்கும் செலவு பெரும்பாலும் கைக்காசு. ஏஜென்ட்டுக்கு ஏறக்குறைய பத்து சதவிகிதம். அன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டால் மாற்று ஆள் பாடுவார். இவருக்கு ஒன்றும் இல்லை.

ஏலக்காய் விலை பற்றி எழுதப் போடிக்குப் போயிருந்தபோது, விடிவதற்கு முன்னால் ஜீப்புக்குக் காத்திருந்த ஓர் அக்காவிடம் இதைச் சொன்னேன். போடிமெட்டு ஏறி, கேரள எல்லையைத் தாண்டி, தோட்டத்தில் காய் எடுக்கிறவர். செடியின் தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில் விளைந்த காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த முதுகு.

"அப்ப அவுகளும் தெனக்கூலிதானா தம்பி?" என்றார்.

இரண்டும் ஒன்று என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. பெரிய அரங்கில் கதாநாயகன் ஒரு ராத்திரியில் வாங்குவதை அக்கா ஒரு வருஷத்திலும் பார்க்க மாட்டார். ஆனால் 2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். 12-ம் தேதி மெட்ரோபாலிடன் மூடியது; மறுபடி திறக்க ஒன்றரை வருஷம். பல அரங்குகள், 'எங்கள் சக்திக்கு மீறிய காரணம்' என்று ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டிக் கையை விரித்தன. 25-ம் தேதி இங்கே ஊரடங்கு. மலையேற வேண்டிய ஜீப்புகள் அடிவாரத்திலேயே நின்றன.

பணிக்கர் மீண்டுவிட்டார். 2023-ல் லண்டனிலும், 2024-ல் மியூனிக்கிலும் வாக்னரின் 'ரைன்கோல்டு'. நெருப்புக் கடவுள் லோகே வேஷம்.

"மேலுக்கு முடியலைன்னா அவுக என்ன செய்வாக?" இது அக்காவின் அடுத்த கேள்வி.

அமெரிக்காவில் பாடகர்களுக்குச் சங்கம் உண்டு, அதில் அவசர உதவி நிதியும் உண்டு என்றேன்.

"நமக்கு வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். எங்கிட்டுப் போய்க் கேக்க?"

ஜீப் வந்துவிட்டது. தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே நெருக்கி உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே அவரும் ஏறிக்கொண்டார்.