பாடத்திட்டத்துக்கு முன் பந்தி

வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. லண்டனில் சட்டம் படித்தவர், புதுச்சேரியில் பத்தாண்டு அடைக்கலம் புகுந்திருந்தவர், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கம்பனில் ஊறியவர். சிறையிலிருந்து வந்த கையோடு 1922இல் குருகுலத்தைத் தொடங்கினார். கல்லிடைக்குறிச்சியில் ஆரம்பித்து, பிறகு சேரன்மாதேவிக்கு மாறியது. தாய்மொழியில் படிப்பு, கைத்தொழில், உடற்பயிற்சி, இலக்கியம், விஞ்ஞானம் எல்லாவற்றையும் பிள்ளைகள் ஆசிரியரோடு கூடவே இருந்து கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு, அதில் 5,000 ரூபாயைக் கொடுத்தும் விட்டது. அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை.

இத்தனையும் சோற்றுப் பந்தியில் உடைந்தது. இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு. பெற்றோர் அப்படிக் கேட்டார்கள், ஐயரும் இசைந்துவிட்டார். தம்மளவில் சாதி பார்த்துச் சாப்பிடுகிறவர் அல்லர் அவர். செய்தி வெளியே வந்ததும், அப்போது காங்கிரஸில் இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் ஏன் இந்தத் தனிப்பந்தி என்று கேட்ட கேள்விக்கு, ஊர்ப்பணத்தில் நடக்கும் ஒரு கல்விக்கூடத்திடம் நேர்மையான பதில் எதுவும் இருக்கவில்லை. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூனில், பாபநாசம் அருவியில் சிக்கிய மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததுதான் நேர்க் காரணம் என்றாலும் குருகுலத்தின் கசப்பு அதற்கு முன்பே ஊறியிருந்தது.

'இரண்டு பிள்ளைகளுக்குத்தானே' என்று இன்றும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தனியே உட்கார்ந்த இரண்டு பேரை மட்டும் எண்ணுகிற கணக்கு அது. சேர்ந்து உட்கார்ந்த மற்றவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்து அறையில் இன்னும் இரண்டு இலை விழுகிறது என்று தெரிந்தே ஒவ்வொரு வேளையும் கை நனைக்கிற பையன் என்ன கற்றுக்கொள்வான்? காலையில் கம்பராமாயணம், மாலையில் சிலம்பம். நடுவில் இந்தப் பாடத்துக்கு ஆசிரியரே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இப்படி நடந்தால் பிள்ளை சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடும். தங்கிப் படிக்கும் இடத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை.

அதனால்தான், சேர்ந்து வாழ்ந்து கற்கும் இடம் ஒன்றைத் தொடங்கப்போவதாக யார் சொன்னாலும், பாடத்திட்டத்தைக் காட்ட வரும்போது அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு அடுப்படியைப் பற்றிக் கேட்கிறேன். யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யார் பக்கத்தில் யார் உட்கார்வது, எச்சில் தட்டை யார் கழுவுவது, கக்கூஸை யார் சுத்தம் செய்வது? இவற்றுக்குப் பதில் எழுதிவிட்டால் மிச்சத்தை வாத்தியார்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சேரன்மாதேவிக்குப் பன்னிரண்டு ஆண்டு முந்தைய ஓர் இடம் இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். 1910இல் தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம் செய்து சிறைக்குப் போனவர்களின் குடும்பங்களைக் காப்பாற்ற வழி தேடினார் காந்தி. கட்டடக் கலைஞரான ஹெர்மன் காலன்பாக் தம்முடைய 1,100 ஏக்கர் பண்ணையைக் கொடுத்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். பழமரங்கள் நிறைய, வீடு ஒன்றே ஒன்று. டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள். வந்து சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்று எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அடுப்பு ஒன்றுதான். மாமிசம் சாப்பிடும் குடும்பங்களும் இருந்தன. கேட்டால் மாட்டிறைச்சி உள்பட எதையும் தரத் தயாராக இருந்தார் காந்தி. முதலில் பெண்களிடம் பேசினார், கேட்டார். அவர்களே சைவச் சாப்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். இங்கே சைவமா அசைவமா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. விதி எழுதும் முன் அதைச் சுமக்கப்போகிறவர்களிடம் கேட்டார்கள், எழுதிய பிறகு யாருக்கும் தனி வாசல் வைக்கவில்லை. ஐயரின் குருகுலத்தில் இது தலைகீழாகிவிட்டது. வாசலிலேயே விலக்கு கேட்டார்கள், வாசலிலேயே கொடுத்தும் விட்டார்கள்.

ரமலான் மாதம் வந்தது. முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு இருக்க, மற்றவர்களும் பகலில் சாப்பிடாமல் கூடவே இருந்தார்கள். முஸ்லிம்கள் பொழுது சாய்ந்த பிறகுதானே வாய் திறக்க முடியும்? மற்றவர்கள் அதற்குச் சற்று முன்பே சாப்பிட்டு முடித்துக்கொள்வார்கள். எதற்கு? நோன்பு திறக்கிறவர்களுக்குப் பலகாரம் செய்து, நின்று பரிமாற வேண்டுமே. விடியற்காலைச் சாப்பாடு முஸ்லிம்களுக்கு மட்டும், மற்றவர்கள் பகலில் தண்ணீர் குடிக்கலாம். ஒவ்வொருவரின் வழக்கமும் அப்படியே இருக்க, பந்தி பிரியவில்லை. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களின் நுணுக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

படிப்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். காலை முழுக்கத் தோட்டம், விறகு, சமையல். அதனால் வகுப்பில் கண் சொருகும். கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டு உட்கார்வார்கள். தமிழ்ப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள், எழுத்து தெரியாது. அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்தி. கப்பலிலும் சிறையிலும் ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டை வைத்துப் படித்த அளவுதான் அவர் தமிழ். காலன்பாக் மரியன்ஹில்லில் இருந்த டிராப்பிஸ்ட் துறவி மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் மற்றவர்கள் கற்றார்கள். ஊர்வேலையாக நகரத்துக்குப் போனால் ரயிலில் மூன்றாம் வகுப்பு, சொந்த வேலை என்றால் 21 மைலும் நடை, கையில் பண்ணையிலேயே கட்டிய சாப்பாட்டு மூட்டை. ஆசிரியர் தாம் செய்யாத எதையும் பிள்ளையைச் செய்யச் சொல்லக் கூடாது என்பது எல்லாவற்றுக்கும் மேலான விதி. மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு நிழலில் நிற்கிற வாத்தியாருக்கு அங்கே இடமில்லை.

நான் தங்கிப் படித்த விடுதிச் சுவரில் ஒரு விதிப்பலகை இருந்தது. ஒவ்வொரு வரியும் 'மாணவர்கள்' என்றுதான் தொடங்கும். மாணவர்கள் ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். மாணவர்கள் தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. வார்டன் மேசைக்குத் தனிக் குழம்பு போகும், அந்தத் தட்டை ஒரு முதலாண்டுப் பையன் எடுத்துக் கழுவுவான். அதை யாரும் பலகையில் எழுதவில்லை, ஆனால் எங்களுக்கு மனப்பாடமான விதி அது ஒன்றுதான். பலகையில் இருந்த மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

டால்ஸ்டாய் பண்ணையிலும் கோணல் உண்டு. பையன் ஒருவன் இரண்டு பெண்பிள்ளைகளைக் கேலி செய்தான் என்று தெரிந்ததும், காந்தி அந்தப் பெண்பிள்ளைகளின் தலைமுடியை வெட்டிவிட்டார். பெரிய பெண்கள் முதலில் எதிர்த்தார்கள். அவர் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். இது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தப்புச் செய்தவன் பையன், முடி போனது பெண்பிள்ளைகளுக்கு. தாமும் சுமக்கிற விதிகளை எழுதும்போது அவ்வளவு கூர்மையாக இருந்த கை, பிறர் மட்டும் சுமக்கிற விதி என்று வந்ததும் சறுக்கிவிட்டது. பண்ணையில் அவர் சொல்லை மறுத்து நிறுத்தும் வழி யாருக்கும் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த வழியைத் திறந்து வைத்தவர் ஏ. எஸ். நீல். 1921இல் அவர் தொடங்கி, பிறகு இங்கிலாந்தில் நிலைத்த சம்மர்ஹில் பள்ளியில் அன்றாட விதிகளைப் பொதுக்கூட்டம்தான் முடிவு செய்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வோட்டு, தலைமை ஆசிரியருக்கும் ஒரே வோட்டு. நீல் கொண்டுவந்த யோசனைகளே தோற்றதுண்டு. உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்து வரும் விஷயங்களை மட்டும் பெரியவர்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் பிள்ளைகளுக்கு வோட்டா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கேலிக்கு ஆளான அந்த இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒரு வோட்டு இருந்திருந்தால் அவர்கள் முடி தப்பியிருக்கும் என்பது என் எண்ணம்.

இப்படி ஓர் இடம் அமைக்கும் எண்ணத்தோடு நிலம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இன்று தமிழ்நாட்டில் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம்' நூலில் டால்ஸ்டாய் பண்ணை பற்றிய அத்தியாயங்களைக் கூடி உட்கார்ந்து வாசியுங்கள். அதே வாரம் சேரன்மாதேவியின் வரலாற்றையும், இரு தரப்பும் சொன்னது உள்பட, வாசியுங்கள். இரண்டையும் முடித்த பிறகு நிலத்துக்கு முன்பணம் கொடுக்கலாம்.